பூஜைக்கு வைத்த டெலிபோன்

எங்கள் டெலிபோன் ஆபீஸுக்குக் கோளாறு என்று யார் வந்தாலும், ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா, ரிசீவர் நேராக வைத்திருக்கிறதா, மழைத் தண்ணீர் இறங்கியதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். விருப்ப ஓய்வு வாங்கும்வரை நான் பிசகாமல் கேட்டேன். கூடவே, விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் கேட்பேன்: கருவிக்கு யாராவது பூஜை செய்தீர்களா? உடன் வேலை பார்த்தவர்கள் அதை என் குசும்பு என்று நினைத்தார்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மலையாள நாட்டில், கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணக்கர். அங்கே சண்டை மூண்டு இரண்டு மாதமாகியும் அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. துணைக்கு மாமா வந்து தங்கியிருந்தார். கூடத்து மூலையில் இருந்த கறுப்பு டெலிபோனைச் சுற்றித்தான் வீடு நடந்தது. குளிக்கப் போகிறவர்கூட, அதன் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அஷ்டமியன்று மாலை புத்தகங்களைச் சரஸ்வதி பூஜைக்கு வைத்தபோது, டெலிபோனுக்கும் இருந்த இடத்திலேயே சந்தனமும் பூவும் வைக்கச் சொன்னாள் அம்மா. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை உபயோகிக்கக் கூடாது. அதற்குள் அப்பா கூப்பிட்டால்? மாமா தாலுகா ஆபீஸ்காரர். விதி இருக்கும் இடத்தில் விலக்கும் இருக்கும் என்று அறிந்தவர். நாம் டயலைச் சுற்றினால்தான் உபயோகம், வருகிற அழைப்பை எடுப்பது உபயோகம் ஆகாது என்று தீர்ப்பளித்தார்.

சந்தனம் இடும் வேலை எனக்கு. ஒரு பொட்டு போதும் என்றாள் அம்மா. அப்பா விஷயமாயிற்றே, எனக்குப் போதவில்லை. ரிசீவரைத் தூக்கி, அடியில் இருந்த இரண்டு பித்தான்கள் மேலும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, ரிசீவரைத் திரும்ப வைத்தேன்.

நவமி காலையில் மணி அடித்தது. அம்மா ஓடிவந்து எடுத்து ஹலோ என்றாள். மணி நிற்கவில்லை. ரிசீவர் அவள் காதில் இருக்க, கீழே டெலிபோன் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. மாமா பிடுங்கிக் கத்திப் பார்த்தார். அது அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

"அவராத்தான் இருக்கும், அண்ணா" என்றாள் அம்மா.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. நான் நெல்மூட்டைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன். எங்கோ மணலில் அப்பா ரிசீவரோடு நிற்பதாகவும், நாங்கள் வேண்டுமென்றே பேசாமல் இருப்பதாக அவர் நினைப்பதாகவும் தோன்றியது. சந்தனத்தை அப்பியது என் கை. சரஸ்வதி தண்டனையை எனக்குக் கொடுக்காமல் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று, பொத்திய கையை இன்னும் இறுக்கினேன்.

மத்தியானம் மாமா கண்ணயர்ந்தபோது அம்மா டெலிபோன் அருகே போனாள். ரிசீவரைத் தூக்கியும் எழாமல் அமுங்கிக் கிடந்த பித்தான்களை விரலால் தொட்டாள். விரலை முகர்ந்தாள். பிறகு ரிசீவரைச் சத்தமில்லாமல் அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

மாமா எழுந்து, புகார் கொடுக்கக் கிளம்பினார்.

"பூஜை முடியட்டும், அண்ணா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"என்ன பேசறே நீ? அவன் கூப்பிட்டுண்டே இருக்கான்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விஜயதசமி காலை மலையாளி லைன்மேன் ஒருவர் வந்தார். கருவியைக் கவிழ்த்து, ஊக்கால் நோண்டினார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"லைனுக்கு ஒரு கொழப்பமும் இல்ல, சாமி. உள்ளே சந்தனமாக்கும். இது யாரு வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நான்தான்" என்றாள்.

"சந்தனம் தொட்டா பகவான் விளிக்குமோ, அம்மா?" என்று சிரித்துக்கொண்டே, புகார்ப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'ஈரம்' என்று எழுதிவிட்டு அவர் புறப்பட்டார். மாமா வாசல்வரை போனார்.

அவர்கள் தெருவில் இறங்கியிருக்க மாட்டார்கள், மணி அடித்தது. அம்மா கையெட்டும் தூரத்தில் நின்றாள். கையை நீட்டவில்லை.

"நீ எடுடி."

எடுத்தேன். மணி நின்றது. யாரோ ஒருவர் மலையாளத்தில் அம்மாவைக் கேட்டார். அப்பா இல்லை, வேறு யாரோ என்றேன். அம்மா சுவரோடு சாய்ந்தாள்.

"என்ன சொல்றார்னு நீயே கேளு."

அப்பா எல்லை தாண்டிவிட்டார், முகாமில் நலமாக இருக்கிறார், விமானத்துக்கு இடம் கிடைத்ததும் வருவார் என்றார், அப்பாவோடு முகாமில் இருந்து முன்னால் ஊர் திரும்பிய அந்த மனிதர். நான் கூவிச் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நவமியன்று அடித்ததெல்லாம் பெரியப்பா, எங்களிடம் ஏதாவது தகவல் உண்டா என்று கேட்கத்தான் என்பது பிறகு தெரிந்தது.

அம்மா என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றாள் என்று வெகுகாலம் பெருமைப்பட்டேன். ஒரு குண்டூசியால் ஆகிற வேலையை அவள் ஏன் முந்தின நாளே செய்யவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு, பழுதான இணைப்புகளுக்கான அத்தனை படிவங்களையும் நானே பூர்த்தி செய்திருக்கிறேன். வரப்போகிற சேதிக்குப் பயந்து, பழுது இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று வேண்டுகிறவர்களுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.