எதிர்வீட்டுத் திறப்பு

அக்கா இறந்து நாலு மாதம் ஆகிறது. அவருடைய வீட்டுப் பூட்டின் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில், எங்களுக்கு நேரெதிர் வீட்டில் தனியாக இருந்தவர். எனக்குச் சொந்தக்காரி அல்ல. அந்தக் கட்டடமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகுதான் வேலை கூடியது. செத்தவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, தெஹிவளை முஸ்லிம் சிநேகிதியின் பெருநாள் என்று எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும். வியாழக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைச் சிநேகிதி வீட்டுக்குப் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். போகும்போது யாரிடமும் சொல்லமாட்டார். கள்ளன் வராமல் இருக்க ரேடியோவைப் பாடவிட்டுப் போய்விடுவார்.

அவசரத்துக்கு என்று ஒரு திறப்பை என்னிடம் தந்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், மத்தியானம் வரை சத்தமில்லை. மணியடித்தும் பதில் இல்லை. பயந்துபோய்த் திறந்துகொண்டு உள்ளே போனேன். அக்கா தலை நிறைய எண்ணெயோடு குளியலறையிலிருந்து வந்தார்.

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சீரோ? உயிரோட இருக்கிற மனுசியின்ர வீட்டை இப்பிடித்தான் திறக்கிறதோ?"

மாடிப்படியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு கிண்ணம் கணவாய்க் கறியோடு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் கதைக்கத் தொடங்கினார். அக்காவின் மன்னிப்பு அவ்வளவுதான். நானும் கறியை வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே முள்ளாகவே கிடந்தது.

நாலு மாதத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை இருக்கும். சந்தைக்குப் போக வெளிக்கிட்டபோது, அவருடைய இரும்புக் கதவில் அன்றைய பேப்பர் செருகியபடி இருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. திரும்பிப் போய்த் திறப்பை எடுத்துவந்தேன். மணியடித்தேன். பதில் இல்லை. திறப்பைப் பூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பயத்தால் மட்டுமல்ல, ரோசத்தாலும்தான். இன்னொரு முறை அந்தப் பேச்சைக் கேட்க நான் என்ன மானங்கெட்டவளா என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சந்தைக்குப் போய்விட்டேன். பூசணிக்காய் வாங்கினேன்.

சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைச் சிநேகிதி போன் எடுத்தார். "அக்கா இந்தக் கிழமை வரேல்லை. உங்களோட எங்கையும் போயிட்டாவோ?"

அப்போதுதான் ஓடினேன். குசினியில், அடுப்படித் தரையில், ஒரு பக்கமாகக் கிடந்தார். கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. எனக்கு வேறு எதையும் எழுத வரவில்லை.

அக்காவைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் கால்வைக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். தெஹிவளைக்காரி, அக்கா கொட்டாஞ்சேனையில் நிற்கிறார் என்று நினைத்தாராம். கீழ்வீட்டுக்காரர் தெஹிவளையில் என்று நினைத்தாராம். இத்தனை வீடு இருந்த மனுசியை எந்த வீட்டிலும் தேடவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. என்னைவிட அவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

லண்டனிலிருந்து அக்காவின் தங்கை வந்திருந்தார். மரண விசாரணை அதிகாரி எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். விழுந்தது வியாழக்கிழமையாக இருக்கலாம், உயிர் போனது வெள்ளிக்கிழமை பின்னேரம். தங்கை அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா போனில எப்பவும் உங்களைப் பற்றித்தான் சொல்லுவா. எதிர்வீட்டுப் பிள்ளை கேளாமல் கதவு திறக்கமாட்டா, அதுதான் நான் நிம்மதியாத் தனிய இருக்கிறன் எண்டு."

நான் தலையை ஆட்டினேன். "கடைசியா எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"புதன்கிழமை," என்றேன். அது உண்மைதான்.