கரைகாத்தாளுக்கு விட்ட வீடு

பாண்டீஸ்வரிக்கு ஜேசிபி சத்தம் ஆகாது. யாரோ எங்கோ அஸ்திவாரம் தோண்டினாலும் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பாள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்து, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டை இடித்ததைப் பார்த்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். கல்யாணமான புதிது. சோற்றுச் சட்டியோடு தெருவில் நின்றாள்.

அதன்பிறகு அவளும் அவள் புருஷன் காளையும் வந்து ஒண்டிய இடம், வைகைக் கரையில் இருக்கும் பழைய நூற்பாலையின் பின்பக்கம். ஆலை மதிலையே ஒரு சுவராக வைத்து இரண்டு அறை எழுப்பினார்கள். பட்டா கிடையாது. அந்த வரிசையில் யாருக்குமே கிடையாது. ஆலையில் பஞ்சுப்பொதி தூக்கிய காளை, ஆலை மூடியதும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டான். பாண்டீஸ்வரி விடியலில் பரவை மார்க்கெட்டுக்குப் போய்க் காய் எடுத்து வந்து கரையோரம் விற்று வீட்டை ஓட்டினாள். அவன் குடித்துவிட்டு வரும் காலடியைத் தெருமுனையிலேயே கண்டுகொள்வாள். உடனே கனமான பாத்திரங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். வெறும் கையால் அடித்தால் வலி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் கரையைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முன்பு பஞ்சுப்பொதி அடுக்கிய ஆலைக் கிட்டங்கியில் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, எல்லோரையும் சுற்றி உட்காரவைத்தார்கள். திட்டக் குழுவிலிருந்து வந்த தமிழ்வாணி நல்ல பெண். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

"இந்தக் கரை எப்பிடி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும். எது இருக்கணுமோ அதுமேல பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்க. புகைபோக்கிய இடிக்க மாட்டோம். கிட்டங்கிய சந்தையா மாத்தலாம். ஆத்தோரமா நடைபாதை வரும்."

"மொதல்ல கேப்பாக, பெறகு இடிப்பாக" என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சாயி, சத்தமாகவே.

"எங்க வீடுக?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள்.

"அது இன்னும் முடிவாகலக்கா. ஆனா ஜனங்க கும்பிடுற எடம் எதையும் தொட மாட்டோம். அது உறுதி."

மற்றவர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டு முணுமுணுத்தார்கள். பாண்டீஸ்வரி 'கும்பிடுற எடம்' என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன், மிக்ஸி வந்ததிலிருந்து மூலையில் சும்மா கிடந்த அம்மிக் குழவியை எடுத்தாள். வாசல் வேம்படியில் பாதி புதைத்து நட்டாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினாள். இது அவள் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் ஊரில் எத்தனையோ சுவர் இப்படித்தான் தப்பியிருக்கிறது. ஆனால் விவரமானவர்கள் வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடுவார்கள். இவள் பயத்தில் வாசலிலேயே நட்டுவிட்டாள்.

"கனவுல ஆத்தா வந்தா. கரையில கெடக்கேன், எடுத்து வையின்னா" என்று ஒச்சாயியிடம் சொன்னாள். ஒச்சாயிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளே கரைகாத்தாள் என்று பேரும் வைத்தாள். எலுமிச்சை மாலை வந்தது, விளக்கு வந்தது, வெள்ளிக்கிழமைப் பொங்கல் வந்தது. அக்கரையிலிருந்தெல்லாம் வந்தார்கள். கிட்டங்கி வரைபடத்திலும் அந்த இடத்தைத் தேடிப் பச்சை ஒட்டினார்கள்.

பாண்டீஸ்வரிக்குத்தான் தூக்கம் போயிற்று. யாராவது துணியை விலக்கிப் பார்த்து, இது குழவிதானே என்று கேட்டுவிட்டால்? அதைவிட, சாமி பேரில் பொய் சொன்னதற்குச் சாமி கண்ணைக் குத்திவிட்டால்? ஒருநாள் கண்ணில் தூசி விழுந்ததற்கே மூன்று தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பொங்கலன்று யாரும் எதிர்பாராதது நடந்தது. காளை கல்லின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஓவென்று அழுதான். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். அன்று விட்ட குடிதான். அவளோடு மார்க்கெட்டுக்கு வந்து மூட்டை தூக்க ஆரம்பித்தான். தெருமுனையில் அவன் காலடி கேட்கும்போது அவள் கை இன்னும் பழக்கத்தில் பாத்திரத்தைத் தேடும். அவன் உள்ளே வந்து, "தண்ணி குடு, ஆத்தா" என்பான். அவள் மூச்சு விடுவாள்.

பிறகு ஒருநாள் திருத்திய வரைபடத்தோடு தமிழ்வாணி வந்து, எல்லோரையும் மறுபடி கிட்டங்கியில் உட்காரவைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கரைகாத்தா கோயிலுக்குத்தான் அதிகப் பச்சை விழுந்திருக்கு. அதனால கோயிலச் சுத்திப் பொங்கல் வைக்க எடம் விட்டு, அங்கிருந்து ஆத்துக்குப் படித்துறை எறக்கிருக்கோம். வீடுகளுக்கெல்லாம் பட்டா கேட்டு எழுதப்போறோம்."

பாண்டீஸ்வரி குனிந்து பார்த்தாள். வேப்பமரம் இருந்தது. சாமி இருந்தது. ஒச்சாயி வீடு இருந்தது. அவள் வீடு இல்லை.

"உங்க வீடு மட்டும் அந்த எடத்துல வருதுக்கா. திருநகர் தாண்டி அடுக்குமாடியில வீடு தருவாங்க."

திருநகர் தெற்குக் கோடி, பரவை வடக்குக் கோடி. பிழைப்பும் போயிற்று. ஆனாலும் அவள் மூளை வேலை செய்தது. கனவுக்கென்ன பஞ்சம்? ஆத்தா நேற்று மறுபடியும் வந்தாள், புகைபோக்கி அடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள் என்றால் தீர்ந்தது. எழுந்தாள்.

"ஆத்தா நேத்து..." என்று ஆரம்பிப்பதற்குள், காய்க்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளை எழுந்துவிட்டான்.

"பாப்பா, ஒரு சொல்லு. குடிய விடவச்சா என் வீட்டையே ஒனக்குத் தாரேன்னு ஆத்தாகிட்ட நேந்துருக்கேன். இவகிட்டகூடச் சொல்லல. எப்பிடிக் குடுக்கன்னு மருகிக்கிட்டு இருந்தேன். ஆத்தாளே கேட்டு வாங்கிக்கிட்டா."

ஒச்சாயி குலவை போட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தமிழ்வாணி மட்டும் பாண்டீஸ்வரியையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. வேணாம்னா இப்பவே மாத்திரலாம்."

இனிக் கனவு உதவாது. நேர்ந்தவன் நேர்ந்துவிட்டான், கல்லை எங்கே வைத்தாலும் வீடு ஆத்தாளுடையது. அது என் வீட்டு அம்மிக் குழவி என்று ஒரு சொல் சொன்னால் நேர்ச்சையும் இல்லை, கோயிலும் இல்லை. வீடு மிஞ்சலாம். காளை மிஞ்ச மாட்டான். சாயங்காலமே கடைக்குப் போய்விடுவான். வீடு இடிபடுவதையும் அவள் பார்த்திருக்கிறாள், அந்தக் காலடியையும் கேட்டிருக்கிறாள். இரண்டில் எது அதிகப் பயம் என்று நின்ற நிலையில் யோசித்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

"அவுக சொல்றதுதான் பாப்பா" என்று உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காளையிடம் கேட்டாள். "அம்புட்டுத் தூரம் போன பெறகும் ஆத்தாளுக்குப் பயந்து நடப்பியா?"

"என்னத்தா பேசுற? தெனமும் வந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

"தெனமும் எப்பிடி வருவ?"

காளை காய்க்கூடையைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே போனான். அவள் வாசலிலேயே நின்றாள். சுற்றிலும் யாருமில்லை. வேம்படியில் மண்டியிட்டு, தான் நட்ட அந்தக் குழவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கூட வந்துரு தாயி" என்று அழுதாள்.