ஏரி கோடி போன அன்று

எங்கள் வேங்கிக்கால் ஏரியில் காற்றும் தண்ணீரும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஆடியில் ஆளைத் தள்ளும் காற்று அடிக்கும். ஏரிக்குள் மாடு மேயும். ஐப்பசியில் தண்ணீர் நிற்கும்; காற்று ஓர் இலையைக்கூட அசைக்காது. பாய் கட்டிய பலகையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இருப்பவனுக்கு வேறு தண்டனையே வேண்டாம்.

அந்தப் பலகை எங்கள் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரருடையது. ஆசிரமத்துக்கு வந்தவர், என்ன நினைத்தாரோ, அதையும் வேன் மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாயில் காற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் நின்றபடி ஓடும் இதற்கு விண்ட் சர்ஃபிங் என்று பெயர் என்றார். பாயைப் பிடித்து நிற்கும் விதத்தைக் காட்டினார். பிறகு மஞ்சள் காமாலை வந்து சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். பலகை என்னிடம் தங்கிவிட்டது. அம்மா அதன்மேல் வடாம் காயவைத்தாள். அண்ணன் பாயை எடுத்துப்போய் மல்லாட்டைக் கடலை மூட்டையை மூடினான். அதற்காக நாங்கள் அடித்துக்கொண்டோம். கை நீட்டாமல் பேச எங்கள் இருவருக்குமே தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை. புயல் மழை கொட்டி ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. கோடி என்பது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடத் தெற்குக் கரையில் கட்டிய கல்வரிசை. அதற்குக் கீழே ஆள் உயரப் பள்ளம், முழுக்கப் பாறை. ஏரி கோடி போனால் அந்தக் கல்லில் கங்கையம்மனுக்கு ஆடு வெட்டி ரத்தம் விழ வேண்டும். அதுவரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அந்த வருஷம் பூஜை முறை எங்கள் வீட்டுக்கு. அண்ணன் ஈர வேட்டியோடு கோடி ஓரம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூசாரி இன்னும் வந்து சேரவில்லை.

மழை விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் புளியமரத்துக் கிளையை ஒடித்துக் கரையில் வீசிக்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு காற்று. அம்மனுக்கு நான் பயப்படவில்லை. பூஜை முடிவதற்குள் காற்று நின்றுவிடுமோ என்றுதான் பயந்தேன். பலகையைத் தூக்கிக்கொண்டு வடக்குக் கரைக்கு ஓடினேன்.

பாயை நிமிர்த்தியதும் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இழுத்தது. பின்னால் சாய்ந்தேன். பலகை கிளம்பிவிட்டது. அதுவரை அந்த ஏரியில் நான் போனதெல்லாம் போனதே இல்லை. தண்ணீர் முகத்தில் சரளைக்கல்லாக அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் கத்திக்கொண்டே போனேன். எங்கள் ஊர் மலை ஒரு பக்கம் ஓடிற்று. கரையில் நின்ற ஜனங்கள் ஓடினார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏரியின் நடுவைத் தாண்டியதும் காற்று ஒரு திருகு திருகியது. பாய் என்மேல் விழுந்து, அதன் கம்பு வாயில் அடித்தது. மூழ்கி எழுந்தபோது உதடு கிழிந்து தொங்கியது. பலகையைக் கட்டிக்கொண்டேன். காற்றும் தண்ணீரும் சேர்ந்து என்னை ஒரே இடத்துக்குத்தான் தள்ளின. கோடியின் இரைச்சல் கிட்டே வரவர, கீழே இருக்கும் பாறைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. ஆட்டின் கயிற்றை யார் கையிலோ திணித்துவிட்டுக் கல்வரிசைமேல் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர் அவனை இழுக்க, காலைக் கல் இடுக்கில் ஊன்றிக்கொண்டு என் தலைமயிரைப் பிடித்தான். பலகை என் கையிலிருந்து நழுவிக் கோடியைத் தாண்டிற்று. கீழே அது உடைந்த சத்தம் அந்த இரைச்சலிலும் கேட்டது.

கரை ஓரத்துக் கல்லுக்கு இழுத்து வந்ததும் அடிக்கத் தொடங்கினான். கன்னத்தில், முதுகில், வயிற்றில். "சாவுடா! சாவறதுக்குத்தான போன? சாவு!" என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினான். பல் ஒன்று தெறித்தது. என் வாயிலிருந்து ரத்தம் கொழகொழவென்று கோடிக் கல்லில் கொட்டியது. நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் பூசாரி வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்தா கேட்டு வாங்கிக்கினா. ஆடு வேணாம்" என்றார். ஊரில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர், ரத்தம் விழுந்தாலும் முறை முறைதான் என்று ஒரே பிடியாக நின்றார்கள். அவர்களுக்குக் கறி வேண்டும், வேறொன்றுமில்லை. கடைசியில் ஆட்டையும் வெட்டினார்கள்.

சாயங்காலம் அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே ஏரியில எறங்க மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணுடா. உன் ரத்தத்த ருசி பாத்துட்டா. மிச்சத்தையும் கேப்பா."

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை எங்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை. இனி எந்த வருஷம் காற்றும் தண்ணீரும் கூடி வந்தாலும் நான் கரையில்தான் நிற்க வேண்டும். கையை நீட்டினேன்.

குறுக்கே அண்ணன் கை வந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தான்.

"உடும்மா. இவன் கத்திக்கினு பறந்து போனத நீ பாக்கல. நான் பாத்தேன்." கரி படிந்த கையை வேட்டியில் துடைத்தான். "பலகையும் போச்சு. இன்னும் இவன்கிட்டருந்து என்னாத்த புடுங்கணும்?"

அவ்வளவு அடிக்கும் அழாதவன் அப்போது அழுதேன்.

"அழுவாதடா," என்றான் அண்ணன். "ஒதட்டுல உப்பு பட்டா எரியும்."