டெனிஸ் பிலார்ஸ்கி கழற்றிய போல்ட்

படுத்த படுக்கையாக இருப்பவருக்குச் சட்டை மாட்டும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது பலமான கையை முதலில் எடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். மாணவர்கள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார்கள். டெனிஸ் பிலார்ஸ்கி மட்டும் எழுதாமல் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல வெர்னா. கியர்பாக்ஸும் இப்படித்தான். கடைசியா போட்டத முதல்ல கழட்டணும். மனுஷனுக்கும் அதே விதின்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது."

அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அமெரிக்காவின் ஈரி நகரத்து ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் கியர் வடிவமைக்கும் பொறியாளராக வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். வடிவமைப்புப் பிரிவை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்த வேலையில் பாதியைக் கணினியே வரைந்துவிடுகிறது என்று சொல்லி, ஒரு வியாழக்கிழமை மதியம் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு கராஜில் உட்கார்ந்து புல்வெட்டும் எந்திரத்தைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். மனைவி ஜோனிக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது ஒரு கதவைத் திறந்து உள்ள போ, அது எந்தக் கதவானாலும் சரி," என்று விரட்டியதில் எங்கள் முதியோர் இல்லத்துப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் செவிலியர் உதவியாளர், இப்போது புதியவர்களைப் பழக்குபவள்.

ஆள் கெட்டிக்காரர். அருவருப்புப் படமாட்டார். கிழவர்களைக் குழந்தைகளாக நினைத்துக் கொஞ்சமாட்டார். ஒரே தொல்லை, எதையும் ஏன் என்று கேட்காமல் செய்யமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் கூடாது என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னேன்.

அவருடைய மகள் ஹோலி அப்போது மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு வேலை போனதும் பெண் ஆட்டம் கண்டுவிட்டாள். படிப்பை மாற்றிக்கொண்டு செவிலியர் பிரிவுக்குப் போய்விடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பாள். மாற்றுவதானால் மார்ச் மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் மாற்ற வேண்டும். டெனிஸுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லவும் அவருக்கு வரவில்லை. கூடப் படித்தவர்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பாதிப் பேரு தாராளமா படிக்கட்டும்னாங்க. மீதிப் பேரு வேற தொழிலே கிடைக்கலயா உன் பொண்ணுக்குன்னாங்க. வேலையில இருக்கிறவன் படிங்கறான், வேலை போனவன் வேணாங்கறான். அவனவன் கதைதான் வருது. என் கேள்விக்குப் பதில் வரல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க தொழில் எப்படி?" என்றார்.

"வேலை வத்தாது. இடுப்புதான் வத்திப்போகும்."

"அத அவகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. பொய்யில்லயே."

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்ததுதான் இந்தக் கதை.

எழுந்து நிற்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எங்களிடம் ஓர் எந்திரம் உண்டு. சக்கரம் வைத்த கம்பம், அதிலிருந்து நீளும் கை, கையில் தொங்கும் துணித் தொட்டில். அதில் ஒன்று சில வாரங்களாக இறக்கும்போது பாதியில் சிக்கி, பிறகு திடுக்கென்று இரண்டு விரற்கடை விழும். எங்கள் இல்லத்தில் இருக்கும் மிசஸ் ஃபென் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அதில் பயன்படுத்தாதே என்ற சிவப்புச் சீட்டைக் கட்டி, சாமான்கள் போடும் கிட்டங்கியில் தள்ளிவிட்டு, சர்வீஸ்காரருக்குச் சொல்லியிருந்தோம். மனிதரைத் தூக்கும் எந்திரத்தை, அனுமதி பெற்ற ஆள் தவிர யாரும் திறக்கக் கூடாது. அதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அன்று மதிய உணவு நேரத்தில் துவாலை எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். எந்திரத்தின் கை தனியாகத் தரையில் கிடந்தது. டெனிஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, சின்ன பிளாஸ்டிக் வளையம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாண்ட்விச் பிரிக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

"யாருக்காவது அடி பட்டுச்சா?" என்றேன். என் வாயில் முதலில் வருவது அதுதான்.

"இல்ல. ஆளில்லாமத்தான் பிரிச்சேன். வெர்னா, இங்க பாருங்களேன், இது ஒரு..."

"எதையும் காட்டாதீங்க. எழுந்திருங்க. இத நான் மேல சொல்லியாகணும், தெரியும்ல?"

"தெரியும்," என்றார். வளையத்தைக் கீழே வைக்கவில்லை.

சொன்னேன். நாளைக்கே போல்ட் கழன்று மிசஸ் ஃபென் தரையில் விழுந்தால், பிரித்தவர் எவ்வளவு நல்லவர் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நிர்வாகி கிரெக் கேட்டது ஒரே கேள்வி. "யாரைக் கேட்டு இதத் தொட்டீங்க?" யாரையும் கேட்கவில்லை என்று டெனிஸ் ஒப்புக்கொண்டார். பயிற்சியிலிருந்து அன்றே நீக்கிவிட்டார்கள்.

அது தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வட்டாரத்தில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. தேவாலயத்துக் கூடத்தில் மீன் வறுப்பார்கள். தட்டோடு திரும்பினால் நீள மேசையில் பிலார்ஸ்கி குடும்பத்துக்கு எதிரில் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். ஒளிந்துகொள்ள நான் ஒன்றும் தப்புச் செய்யவில்லை.

ஜோனி என் முகத்தைப் பார்க்காமல் உப்பை நகர்த்தி வைத்தாள். "எம் புருஷன மாட்டிவிட்டவங்களுக்கு மீன் நல்லா இறங்குதா?"

"இறங்குது. போன வாரத்த விட மொறுமொறுன்னு இருக்கு."

"ஜோனி, அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க," என்றார் டெனிஸ்.

"உன் வேலைய நீ செஞ்சியா? ரெண்டு வாரம் பொறுத்திருந்தா சான்றிதழ். கைய சும்மா வெச்சிருக்கறதுக்குக் கூட உனக்கு ஒரு படிப்பு வேணும் போல."

அந்த நேரத்தில் ஹோலி வந்தாள். வார இறுதிக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வண்டி ஓட்டி வந்திருந்தாள். கோட்டில் பனி. அப்பாவின் தட்டிலிருந்து, நம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும் ஒரு பியரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "ஏன் எல்லாரும் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

ஜோனி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எந்திரம் சிக்கியது, இவர் பிரித்தது, நான் சொன்னது, கிரெக் அனுப்பியது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாளா, என்மேல் பாய்வாளா, அப்பாவைத் திட்டுவாளா என்று தெரியவில்லை. அவள் பியரோகியை விழுங்கினாள்.

"ஏன் சிக்குச்சாம்?" என்றாள்.

டெனிஸ் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தை அப்படி நான் வகுப்பில் பார்த்ததே இல்லை.

"புஷ்ஷு," என்றார். முள்கரண்டியை நிறுத்திக் கம்பமாக்கினார், கத்தியைக் கையாக்கினார், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட் கிண்ணத்தின் மூடியை நடுவில் வைத்தார். "கை மடங்கற இடத்துல, போல்ட்ட சுத்தி ஒரு பிளாஸ்டிக் வளையம். தேய்ஞ்சிருக்கு. தேயறது சகஜம். ஆனா ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. மத்த ஓரம் புத்தம் புதுசு."

"அப்போ பாரம் நேரா இறங்கல. யாரோ பக்கவாட்டுல இழுக்கறாங்க."

"அதத்தான் நானும் நெனச்சேன். ஆனா எப்பவும் ஒரே பக்கமா ஏன் இழுக்கணும்?"

இருவரும் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மீன் ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஆக்சிஜன் குழாய் எல்லா அறையிலயும் கட்டிலுக்கு இடது பக்கம்," என்றேன். "அதனால நாற்காலி வலது பக்கம்தான். எந்திரத்த உருட்டிக்கிட்டுப் போகணும்னுதான் விதி. ஆனா புதுக் கட்டில்களோட அடிச்சட்டம் தாழ்வா இருக்கு, சக்கரம் அடியில போகாது. அதனால தொட்டிலப் பிடிச்சு வலது பக்கமா இழுத்துடறோம். எல்லாரும்."

ஹோலி என்னை முதல் முறையாக முழுதாகப் பார்த்தாள். "புதுக் கட்டில் எப்ப வந்துச்சு?"

"போன கோடையில."

"அப்போ புஷ்ஷ மாத்தினாலும் அடுத்த வருஷம் இதே கதைதான், அப்பா."

"கட்டில மாத்தணும்," என்றார் டெனிஸ்.

"இல்ல, சக்கரத்த. சின்னதா போட்டா அடியில போயிடும்."

"சின்னதா போட்டா கம்பளத்துல மாட்டிக்கும்," என்றேன் நான்.

ஜோனி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஒருத்தருக்கு வேலை போச்சு. மாட்டிவிட்டவங்களும் கூட உக்காந்து சக்கரம் மாத்தறாங்க. ரொம்ப நல்ல குடும்பம். ஹோலி, திங்கக்கிழமை என்ன பண்ணப் போற?"

"எத?"

"எதவா? படிப்ப மாத்தறதா இல்லயான்னு உயிர எடுத்தியே."

ஹோலிக்கு ஒரு நொடி பிடித்தது. "ஓ. அதுவா. மாத்தல." பிறகு என் பக்கம் திரும்பி, "கம்பளம் எவ்வளவு தடிமன் இருக்கும்?" என்றாள்.

டெனிஸ் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் மூடியை அவர் முன்னாலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

டெனிஸுக்கு எங்கள் சான்றிதழ் கிடைக்கவில்லை. கோடையில் மீட்வில் ஊரில் பால் பண்ணை எந்திரங்களுக்குக் கியர் செய்யும் ஒரு சின்னப் பட்டறை அவரை எடுத்துக்கொண்டது. பழைய சம்பளம் இல்லை. பனிக்காலத்தில் அந்தச் சாலை மோசம் என்று ஜோனி இன்றைக்கும் திட்டுகிறாள். ஹோலி மூன்றாம் ஆண்டு. படித்து முடிக்கும்போது அவளுக்கு வேலை இருக்குமா என்று டெனிஸுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன மாதம் ஹோலி என்னைப் பார்க்க இல்லத்துக்கு வந்தாள். மிசஸ் ஃபென்னின் அறைக்குள் நுழைந்தவள், எனக்கோ மிசஸ் ஃபென்னுக்கோ ஒரு வணக்கம் சொல்வதற்கு முன்னால், கோட்டைக் கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் அளவு நாடாவை நீட்டினாள்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்று கட்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள் மிசஸ் ஃபென்.

"டெனிஸ் பொண்ணு," என்றேன். "கால மேல தூக்கிக்கோங்க."