டாப் கோட் வீட்டுக்குள் ஜிகினா

எங்கள் வீட்டில் சென்ட் கிடையாது, தலைக்கு ஜெல் கிடையாது; பட்டால் பெயிண்டில் குழி விழுமாம். என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை. பானெட்டில் ஒரு தூசு உட்கார்ந்தால்கூட அந்த வண்டியை ஓரங்கட்டி, தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடிக்கவேண்டும். கடைசிப் பூச்சு அடிக்கிற டாப் கோட் லைனுக்கு அவரை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். ரொம்ப நாள் கேட்டுக் கிடைத்த இடம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் ஜிகினா வாங்கிவந்தேன்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டாரை நாமே செய்யவேண்டும் என்று நான்கு வயது மகள் பிடிவாதம். எது நன்றாக ஒட்டும் என்று தெரியாததால் படப்பை கடையில் மூன்று வகையும் வாங்கினேன்: தூள், ட்யூபில் ஜிகினாப் பசை, ஜிகினாத் தாள். தூள் கண்ணில் பட்டால்? வாய்க்குள் போனால்? டப்பாவில் இருந்ததைப் படித்தேன். பிறகு போனில் தேடிப் படித்து இன்னும் பயந்தேன். கடைசியில் மகளுக்கு என் கூலிங் கிளாஸை மாட்டிவிட்டேன். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்ப அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஹாலில் ஜன்னலெல்லாம் சாத்தி, பேப்பர் விரித்து உட்கார்ந்தோம்.

முதலில் பசை.

"சளி மாதிரி கீது" என்றாள் மகள். அப்படித்தான் இருந்தது. தாள், வெட்டிய முனையெல்லாம் சுருண்டுகொண்டது. மிச்சம் தூள். அட்டையில் வெள்ளைப் பசை தடவி, சிவப்புத் தூளைக் கொட்டி, தட்டி எடுத்தேன். அடேயப்பா! நான் கத்திவிட்டேன். மகளும் கத்தினாள். பச்சை, தங்கம், மறுபடி சிவப்பு என்று என்னால் நிறுத்தவே முடியவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது கூடத் தெரியவில்லை.

மகளுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலியில் ஏறி, ஃபேனைப் போட்டுவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் அவர் ஈரத்தோடு, துண்டோடு, குளியலறைக் கதவைத் திறந்தார்.

"இன்னாடி இது!"

"அப்பாவே ஸ்டாரா கீறாரு!" என்று மகள் குதித்தாள்.

மார்பு, காது, புருவம், எல்லாம் தங்கம். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை. மறுபடி குளித்துவந்தும் மின்னினார். பார்சல் டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன். மகள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இங்க ஒண்ணு!" என்று கூவிக்கொண்டே இருந்தாள். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, தம்பிக்கு ரெண்டாங் கல்யாணமா? இம்புட்டு சோடிச்சிருக்க?"

கம்பெனி பஸ் வர நேரமாகிவிட்டது. தாள் மட்டும் வாங்கியிருக்கலாமோ? "அங்க எப்படியும் தலையிலேர்ந்து கால்வரைக்கும் கோட் மாட்டி மூடிடுவீங்களே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"ஒரு பொட்டு வண்டில வுழுந்தா தெரிஞ்சிடும். நானே சொல்லிட்றேன்." சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். டாப் கோட் இடம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று நான் மகளை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஸ்பீக்கரில் சூப்பர்வைசரின் குரல் கேட்டது: "ஜிகினாவா? காலைலயே ரெண்டு பேரு மின்னிக்கினு வந்தானுங்கப்பா. உன் வூட்லயும் ஸ்டாரா?"

"ஆமா சார். பாப்பா..."

"டாப் கோட் பக்கம் தலகாட்டாத. பண்டிகை முடியறவரைக்கும் வண்டிக்கு அடியில சீலர் பூசு. அப்புறம் நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு உன் லைனுக்கு வா. உன் எடம் எங்கியும் போவாது. சொல்லாம வந்திருந்தன்னா தெரிஞ்சிருக்கும் சேதி."

நான் தரையிலேயே, அந்தத் தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பஸ் ஹாரன் அடித்ததே காதில் விழவில்லை. சட்டைப் பட்டனைப் போட்டபடியே ஓடினார்.

புத்தாண்டு முடிந்ததும் டாப் கோட்டுக்கே திரும்பிவிட்டார். ஆனால் அந்த வாரம் அவர் துருப் பிடிக்காமல் இருக்க அடியில் சீலர் பசை பூசிய வண்டிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரகடம் சிக்னலில் புது வண்டி பக்கத்தில் வந்து நின்றால், மகள் ஸ்கூட்டியிலிருந்து சாய்ந்து அதன் அடியில் ஏதாவது மின்னுகிறதா என்று பார்க்கிறாள். விழுந்துவிடப்போகிறாளே என்று ஒரு கையால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நானும் குனிந்து பார்க்கிறேன்.