முதல் புள்ளிக்கு அப்புறம்

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளம் என்னிடம் சொன்னது: 'மலர்விழி வகைக் கோப்புகள் ஏற்கப்படமாட்டா.'

ஒருவரை நிராகரிக்க எத்தனையோ நாசூக்கான வழிகள் உண்டு. இவ்வளவு நேரடியாக யாரும் என்னை நிராகரித்ததில்லை.

முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வேங்கிக்காலில் சாந்தி அக்கா நடத்தும் பிரவுசிங் சென்டரில் மூன்றரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி.

விதிமுறையை மூன்று முறை படித்திருந்தேன். 'கோப்பின் பெயர் விண்ணப்பதாரரின் பெயராக, முன்னெழுத்துடன், ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். பிடிஎஃப் மட்டுமே.' என் அப்பா ஏழுமலை. ஆங்கிலத்தில் என் முன்னெழுத்து 'இ'. ஆகவே 'இ.மலர்விழி.பிடிஎஃப்' என்று பெயரிட்டேன். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பது இலக்கிய மாணவியின் பிடிவாதம் அன்று. ரேஷன் அட்டை முதல் கல்யாணப் பத்திரிகை வரை இங்கே எல்லோரும் வைப்பதுதான்.

நான்கு முறை ஏற்றினேன். நான்கு முறையும் அதே பதில்.

சாந்தி அக்கா எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, உன் பேரையே வேணாங்குது?"

உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் அந்தத் தளத்தை எழுதியவரே.

"புள்ளிக்கு அப்புறம் வர்றதத்தான் மேடம், சிஸ்டம் ஃபைல் டைப்னு எடுத்துக்கும்."

"எந்தப் புள்ளிக்கு அப்புறம் சார்?"

"...முதல் புள்ளிக்கு."

"என் ஃபைல்ல ரெண்டு புள்ளி இருக்குங்க."

"அதான் மேடம் பிரச்சினை. ஒண்ணை எடுத்துடுங்க."

"முன்னெழுத்து வேணும்னு நீங்கதானே கேட்டிருக்கீங்க?"

"முன்னெழுத்து போடுங்க. புள்ளி போடாதீங்க."

பிறகு விசாரித்தேன். தளம் பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டதாம். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதைப் பிரித்துத் தர அதில் ஒரு கட்டளை தயாராகவே இருக்கிறது — ஒரே வரி. கோப்புக்குள் இருப்பது மெய்யாகவே பிடிஎஃப்தானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நம்மவர் இரண்டையும் தொடவில்லை. பெயரைப் புள்ளிதோறும் வெட்டினார். இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டார். அவருடைய பெயருக்கு முன்னால் மட்டும் புள்ளி இல்லாமலா இருக்கும்?

மணி நான்கு ஐம்பது. பக்கத்து இருக்கையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் சுருக்கத்தைத் தாளில் எழுதி, செல்பேசியில் படமெடுத்து வந்திருந்தார். சாந்தி அக்கா அந்தப் படத்தின் பெயரிலிருந்து ஜேபிஜியை அழித்து, பிடிஎஃப் என்று தட்டினார். உடனே ஏறிவிட்டது.

"அது படம்தானே அக்கா?"

"பேரை மாத்தினா போதும்மா. உள்ள யாரு பாக்கறாங்க?"

"அங்க தொறக்காதே?"

"தொறக்கறது அவங்க பாடு. ஏத்தறதுதான் நம்ம வேலை."

முறையான கோப்பு வாசலில் நிற்கிறது. பெயரை மாற்றிக்கொண்ட கோப்பு உள்ளே போய் அமர்ந்துவிட்டது. புள்ளியை அழித்தேன். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் நானும் ஏறினேன் — 'இமலர்விழி' ஆக.

"இ-சேவை மாதிரி இ-மலர்விழி ஆயிட்ட," என்றார் அக்கா. "இனிமே உனக்கும் டோக்கன் போடணும்."

பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து ஆளை முடிவுசெய்யும் வழக்கத்தை விட்டொழித்துவிட்டதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். வாலை வெட்டினோம்; முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் போதும் என்றோம். மென்பொருளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்கு இன்றும் வால்தான் அடையாளம். உள்ளே இருப்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. எழுதியவர்களிடமிருந்துதானே அது கற்றிருக்க வேண்டும்?

நேற்று மின்னஞ்சல் வந்தது. கோப்பின் பெயரையே என் பெயராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'அன்புள்ள இமலர்விழி, தாங்கள் நேர்காணலுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். அசல் சான்றிதழ்களில் உள்ள பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயருடன் எழுத்துப் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும்.'

என் சான்றிதழ்கள் அனைத்திலும் அந்தப் புள்ளி இருக்கிறது. நேர்காணலுக்கு ஓர் அழிரப்பர் எடுத்துச் செல்வதாக உத்தேசம்.