ஆண்டு பத்தின் மௌன வணக்கம்

வீரையாவுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே மனக்குறை. தர்மபுரத்தில் இருந்து உள்ளே போனால், தார் முடிந்து கிரவல் தொடங்கி அதுவும் முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர் அதன் காவலாளி. தைப்பொங்கலுக்கு வருகிற கணித ஆசிரியர் எவரும் வைகாசி விசாகத்துக்கு அங்கே நிற்பதில்லை. பதினொரு பேருடைய பயணப் பைகளைத் தன் சைக்கிள் கரியரில் கட்டிப் பஸ் தரிப்பிடம்வரை உருட்டியிருக்கிறார். அந்தப் பதினொரு பேரில் ஒருவராவது பஸ் யன்னலால் திரும்பிப் பார்த்துக் கை காட்டியதில்லை. போகட்டும், கை காட்டாவிட்டால் என்ன. மகள் சுகந்தினி இப்போது ஆண்டு பத்து. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. அவளோ ஒரு கணித ஆசிரியரையும் முழுதாக ஒரு தவணை கண்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற வீரையாவுக்கு அதுதான் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது.

பன்னிரண்டாவதாக வந்தவர் தாட்சாயினி. பருத்தித்துறைப் பக்கம். முதல் நியமனம். ஆள் சிறிது, குரல் அதைவிடச் சிறிது. கையில் ஒரு தடித்த கோப்பு வைத்திருந்தார். ‘புதிய ஆசிரியருக்கான வகுப்பறை முகாமைத்துவம்’ என்று மேலே எழுதியிருந்தது. பையை இறக்கும்போதே, திரும்பக் கட்டுகிற அன்று கயிற்றை எந்தப் பக்கத்தால் போடலாம் என்று வீரையா பார்த்து வைத்துக்கொண்டார்.

ஆண்டு பத்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். கெட்ட பிள்ளைகள் இல்லை. கதைப்பார்கள், அவ்வளவுதான். தகரக் கூரையில் மழை கொட்டினால் மழையையும் மேவிக் கதைப்பார்கள்.

முதல் நாள், கோப்பில் சொன்னபடி ஆசிரியை கதிரைகளை அரைவட்டமாகப் போட்டார். அதுவரை முன்னால் இருப்பவரின் பிடரியோடு கதைத்தவர்களுக்கு இப்போது முகம் கிடைத்தது. சத்தம் இரண்டு மடங்கானது. அடுத்த நாள், ‘ஆசிரியர் குரலை உயர்த்தாது காத்திருப்பின் மாணவர் தாமாகவே அமைதியடைவர்’ என்ற பக்கத்தைச் செய்து பார்த்தார். கரும்பலகைக்கு முன்னால் அசையாமல் நின்றார். அரை மணித்தியாலம் போனபிறகு சுகந்தினி ஓடி வந்தாள்.

“அப்பா, ரீச்சருக்கு ஏதோ இழுத்திட்டுது போல. கண்ணும் வெட்டுறா இல்லை.”

வீரையா ஒரு செம்பு தண்ணீரும், வலிப்புக்கு இரும்பு வேண்டும் என்று சாவிக்கொத்தும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய், கொத்தை ஆசிரியையின் உள்ளங்கையில் திணித்தார்.

“எனக்கு வலிப்பில்லை அண்ணை” என்றார் ஆசிரியை, கொத்தைத் திருப்பிக் கொடுத்தபடி. “இது ஒரு முறை.”

“என்ன முறையோ ரீச்சர், பாக்கப் பயமாக் கிடக்கு.”

மூன்றாம் கிழமை அதிபர் யோகநாதன் ஆசிரியையைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் மேலிடத்தில் இருந்து ஓர் அதிகாரி வகுப்புப் பார்க்க வருகிறார். வகுப்பு இப்படியே சந்தையாகக் கிடந்தால் ஆசிரியையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பதிலுக்கு ஆள் வராது. வாசலில் நின்ற வீரையாவுக்கும் இது கேட்டது. அன்று போய்க் கரியர் கயிற்றைத் தேடி எடுத்து வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமைதான் விசயம் புரண்டது. ஆசிரியை சிவந்த கண்ணோடு வகுப்புக்குள் வந்தார். என்ன ரீச்சர் என்று கேட்டதற்கு, “எங்கட வீட்டு ஜிம்மி செத்துப்போச்சு” என்றார். ஜிம்மி பதினாலு வயது நாய். உடனே கஜேந்தினி எழுந்தாள். அவளுடைய தாய் மாதர் சங்கச் செயலாளர்.

“எல்லாரும் எழும்புங்கோ. அமரர் ஜிம்மிக்காக ஒரு நிமிட மௌன வணக்கம்.”

இருபத்தெட்டுப் பேரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். ஓணான் ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிடம் முடிந்து அமர்ந்த பின்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமையுரைக்காகக் காத்திருந்தார்கள். ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், “இண்டைக்கு இருபடிச் சமன்பாடு” என்றார். எழுதினார்கள். முடிவில் ஒருத்தி எழுந்து, சமன்பாட்டைத் தந்துதவிய ஆசிரியைக்கும் கரும்பலகைக்கும் நன்றி சொன்னாள்.

அவர்கள் தாயின் மடியில் இருந்தே கூட்டங்களில் வளர்ந்தவர்கள். மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, மரணாதாரச் சங்கமோ, அந்த ஊரில் எந்தக் கூட்டமும் மௌன வணக்கத்தோடுதான் தொடங்கும். அதற்குப் பிறகு கதைத்தால் தொடையில் கிள்ளு விழும். மணி அடித்தால் அடங்காத வகுப்பு, கூட்டம் என்றால் அடங்கிவிடும்.

மறுநாள் ஆசிரியை சாதாரணமாக வகுப்பைத் தொடங்கினார். பழையபடி சந்தை. அதற்கு மறுநாள், “செத்துப்போன எல்லாருக்கும் எண்டு பொதுவா வைப்பமே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அதுக்குள்ள சண்டையில செத்தவையும் வருவினம் ரீச்சர்” என்றாள் கஜேந்தினி. “அவையளக் கணக்குப் பாடத்துக்குக் கூப்பிடக் கூடாது.”

அன்றிலிருந்து, பாடம் உள்ள நாளெல்லாம் புதிதாக ஒரு சாவு தேவைப்பட்டது. தேடிக் கொடுக்கிற வேலை வீரையாவின் தலையில் விழுந்தது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலை படலையாகப் போனார்.

“அக்கா, உங்கட வளவில ஏதும் செத்ததோ?”

“காலங்காத்தால கேக்கிற கேள்வியே இது?” என்று நேசமலர் விளக்குமாற்றைத் தூக்கினாள். பிறகு யோசித்து, “கீரி ஒரு பேட்டுக் கோழியைப் பிடிச்சது. இறகு மட்டும் கிடக்கு” என்றாள்.

“காணும் அக்கா. பெயர் ஏதும் வைச்சிருந்தனீங்களோ?”

கஜேந்தினி எல்லாவற்றையும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதிந்தாள். நேசமலரின் பேடு. டிப்பரில் அடிபட்ட மயில். தண்ணீர் காணாமல் கருகிய பயற்றங்கொடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்ததை வீரையா பெருமையோடு கொண்டுவந்தபோது மட்டும் சபை ஏற்கவில்லை. “புதுசாக் கொயில் கம்பி சுத்தினால் எழும்பும். அது சாவில்லை” என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் படித்தார்கள். சுகந்தினி வீட்டில் விறகு அடுக்கும்போதுகூட எக்ஸ், வை என்று முணுமுணுத்தாள். வீரையா ஒரு சொல்லும் விளங்காமல், குசினி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.

அதிகாரி வருகிற கிழமை வந்தது. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவர் வகுப்புப் பார்ப்பார். நல்ல மழை பெய்திருந்தது. புல் செழித்து, மாடு கொழுத்து, ஊரில் ஒரு கோழிக்குக்கூடத் தும்மல் இல்லை. புதன்கிழமை வீரையா வட்டக்கச்சி எல்லைவரை போய்த் தேடினார். குகதாசனின் கிழட்டு எருது இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. அதுவே அன்று எழுந்து நின்று வைக்கோல் தின்றது. வெறுங்கையோடு திரும்பியவரை ஆசிரியை பள்ளிக்கூட வாசலில் மறித்தார். பக்கத்தில் கஜேந்தினி புத்தகத்தோடு நின்றாள். சுகந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவசரக் கூட்டம் வைச்சனாங்கள் அண்ணை” என்றார் ஆசிரியை. “தீர்மானத்தை வாசி பிள்ளை.”

கஜேந்தினி தொண்டையைச் செருமினாள். “இறப்பு எதுவும் கிடைக்காதவிடத்து, உயிரோடுள்ள ஒருவருக்கு, அவரது எழுத்துமூலச் சம்மதத்துடன், முற்கூட்டியே மௌன வணக்கம் செலுத்தலாம். ஏகமனதாக நிறைவேறியது. பெயர், திரு. வீரையா. முன்மொழிந்தவர், செல்வி வீரையா சுகந்தினி.”

“நீயாடி?” என்றார் வீரையா.

“ஆராவது சொல்லத்தானே வேணும் அப்பா” என்றாள் மகள், நிலத்தைவிட்டுக் கண் எடுக்காமல்.

“அதிபரைக் கேக்கிறதுதானே?”

“கேட்டனாங்கள்” என்றார் ஆசிரியை. “பென்சனுக்கு நாலு மாதம்தானாம் கிடக்கு. அதுவரைக்கும் தன்னை விடட்டாம்.”

வீரையா பேனையை வாங்கி, புத்தகத்தைச் சைக்கிள் சீற்றில் வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். கஜேந்தினி மை காய ஊதினாள்.

“பெரிய உதவி அண்ணை” என்றார் தாட்சாயினி. “இன்னும் ஒண்டு. மௌன வணக்கம் வாங்கின ஆள் யன்னலால எட்டிப் பாத்தால் பிள்ளையள் சிரிச்சுப் போடுங்கள். நாளைக்கு எட்டரைக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில, பள்ளிக்கூட வளவுக்குள்ள மட்டும் உயிரோட நிண்டிடாதேங்கோ.”